மானிப்பாயில் தமிழில் மருத்துவம் பயின்ற மாணவர்கள்



கடந்த பள்ளி விடுமுறையில் என் தாயார் நான்கு நாள்கள் மருத்துவமனையில் தங்கியிருக்க நேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் தோட்டப்புறத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரிடம் மலாய் மொழியில் பொறுமையாகவே விசாரித்தார். வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்த மூதாட்டி "யா" என்றார். வலி குறைந்துவிட்டதா என்று கேட்டதற்கும் "யா" என்றார். மருத்துவர் எதை எழுதுவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிட்டு நகர்ந்தார்.

சிறிது நேரத்தில் பயிற்சித் தாதி ஒருத்தி வந்தாள். வயது இருபதுக்குள்தான் இருக்கும். "பாட்டி, வலி எரியுற மாதிரி இருக்கா, குத்துற மாதிரி இருக்கா?" என்று தமிழில் கேட்டாள். மூதாட்டி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அதை ஏன் கேக்குற மிஸ்ஸி!" என்று தொடங்கி, மூன்று மாதத்துக் கதையையும் சொல்லி முடித்தார். எப்போது வலி தொடங்கியது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது, எந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவந்தன. அந்தப் பெண் அனைத்தையும் குறித்துக்கொண்டு திரும்பியவள், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றாள். ஐந்தாம் ஆண்டில் என்னிடம் அறிவியல் படித்த மாணவி!

அவளுடைய சட்டைப்பையில் சிறிய குறிப்பேடு ஒன்று இருந்தது. மூச்சுத்திணறல், குமட்டல், மரத்துப்போதல், நெஞ்செரிச்சல் என்று தமிழ்ச் சொற்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். "பாட்டிமாருங்க சொல்றதை எழுதி வச்சுக்குறேன் டீச்சர். எங்களுக்கு இதுக்குன்னு புத்தகம் இல்ல" என்றாள்.

அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோது எனக்கு மானிப்பாய் நினைவுக்கு வந்தது. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பெற்றோர்கள் ஆண்டுதோறும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தமிழ்ப்பள்ளியில் படித்தால் என் பிள்ளை டாக்டராக முடியுமா?" என்பதே அக்கேள்வி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழிலேயே மருத்துவம் படித்து, மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்று, மருத்துவர்களாக வெளிவந்த தமிழ் இளைஞர்களின் வரலாற்றை அப்பெற்றோர்களுக்கும் நம் ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதியதே இக்கட்டுரை.

1816: இரண்டு தொடக்கங்கள்

1816 என்னும் ஆண்டு நம் நாட்டுத் தமிழாசிரியர்களுக்கு நன்கு தெரிந்த ஆண்டு. அவ்வாண்டில்தான் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கியது. நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக அதைக் கொண்டே 2016ஆம் ஆண்டில் இருநூறாண்டு விழா எடுத்தோம். அதே 1816ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் கிறித்துவ மிசனரிகள் யாழ்ப்பாணத்தில் வந்து குடியேறினர். ஊர்தோறும் பள்ளிகள் தொடங்கிய அவர்கள், 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரியை நிறுவினர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே கற்பிக்கப்பட்டன.

மிசனரிகளோடு மருத்துவர்களும் வந்தனர். 1819ஆம் ஆண்டில் வந்த ஜான் ஸ்கடர் அவர்களில் முதல்வர். அவருக்குப் பின் நேத்தன் வார்டு வந்தார். ஆனால், மருத்துவத்தைத் தமிழ்மொழிக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாழ்நாளையே அதற்கு ஒப்படைத்தவர் மூன்றாவதாக வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பவரே.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847ஆம் ஆண்டு தமது இருபத்தைந்தாம் அகவையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மானிப்பாய் அவருடைய பணியிடமாயிற்று. சிகிச்சையோடு, சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பும் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணம் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டுதான், டிசம்பர் 18ஆம் நாள். மானிப்பாயில் கிறீன் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டில், வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் கிறித்துவத்தைப் பரப்ப வந்தவர்; மற்றவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நின்றவர்கள். ஆயினும், கற்க வேண்டியவற்றை எளிய தமிழ் உரைநடையில் அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே வழியில் நடந்தனர்.

மருத்துவமனையே வகுப்பறை

இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் முதலில் பாடம், பிறகு பயிற்சி என்னும் முறை உண்டு. மானிப்பாயில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன. நோயாளிகள் வரும் இடத்திலேயே மாணவர்கள் இருந்தார்கள். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அறுவைச் சிகிச்சையின்போது உடன் நின்று உதவுவது, ஊர்களுக்குச் செல்லும்போது உடன் செல்வது என எல்லாமே அவர்களுக்குப் பாடம். புத்தகத்தில் படித்த எலும்பை நோயாளியின் கையில் தொட்டுப் பார்த்துக் கற்றார்கள்.

மருத்துவ உலகில் அது பெரும் மாற்றங்களின் காலம். ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து நோவில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்பது பாஸ்டன் நகரில் எல்லார் முன்னிலையிலும் காட்டப்பட்டது 1846ஆம் ஆண்டில்; அதாவது, கிறீன் யாழ்ப்பாணம் வருவதற்கு முந்தைய ஆண்டில். அறுவைச் சிகிச்சையின்போது கிருமிகளைத் தடுக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். காலராவை உண்டாக்கும் கிருமியை இராபர்ட் கோக் இனங்காட்டியது 1880களில். எனவே, மானிப்பாய் மாணவர்கள் காலராக் காலங்களில் நோயாளிகளின் அருகில் நின்றபோது, அந்நோய் எதனால் வருகிறது என்பதை உலகமே முழுமையாக அறிந்திருக்கவில்லை. அச்சத்தோடுதான் அவர்கள் கற்றிருக்க வேண்டும். ஆனாலும் கற்றார்கள்.

1850ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் மருத்துவமனை ஒன்று உருவாயிற்று. அதன் பணிகளிலும் கிறீனுக்குப் பங்கிருந்தது. அவரிடம் பயின்றோருக்கு அது பணிபுரியும் களமாயிற்று.

ஏன் தமிழ்?

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படித்து வந்த இளைஞர்களுக்கு அது கடினமாக இல்லை. ஆனால், சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் நகரங்களுக்கும் சென்றுவிட்டார்கள். யாருக்காக அவர்களைப் பயிற்றுவித்தாரோ, அந்தக் கிராமத்து மக்களிடம் தங்கியவர்கள் குறைவு.

அவர்களைக் குறைகூற முடியாது. கூடுதல் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு மனிதர் செல்வது இயல்பே. ஆனால் கிறீன் வேறு வழியை நாடினார். தாயகம் சென்று 1862ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய அவர், 1864 அளவில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு என்னும் முடிவுக்கு வந்தார். தமிழில் படித்தவன் தமிழ்மக்கள் நடுவிலேயே வாழ்வான். அவர்கள் பேச்சு அவனுக்கும், அவன் பேச்சு அவர்களுக்கும் விளங்கும் என்பது அவருடைய எண்ணம். மாணவர்கள் தங்கள் உடையையும் பழக்கவழக்கங்களையும் விட்டுவிட்டு வெள்ளையரைப்போல் மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

அவரிடம் மருத்துவம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

நூல்கள் எங்கே?

தமிழில் கற்பிப்பது என்று முடிவெடுத்தால் போதுமா? பாடநூல் வேண்டுமே! நம்மில் பலருக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும். கிறீன் தாம் முதன்முதலாக யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய காலத்திலேயே இதற்கு அடித்தளம் இட்டிருந்தார். கல்வின் கட்டர் என்பவர் அமெரிக்கப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதிய உடற்கூறு, உடலியங்கியல், உடல்நல நூல் 1850களில் தமிழுக்கு வந்தது. முதலில் தமிழாக்கப்பட்டது பள்ளி மாணவருக்கும் ஏற்ற நூல் என்பது நாம் கவனிக்கத்தக்கது. 1857இல் மகப்பேறு பற்றிய 'பிரசவ வைத்தியம்' வெளிவந்தது.

தமிழ்வழி வகுப்பு தொடங்கிய பின்னர் பெரிய நூல்கள் வரிசையாக வந்தன. 1867இல் அறுவைச் சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்று அப்பட்டியல் நீள்கிறது. இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' இன்றும் மருத்துவ மாணவர் உலகெங்கும் அறிந்த கிரே என்பவரின் உடற்கூறு நூலின் தமிழாக்கமாகும். ஆங்கில மூலம் இலண்டனில் வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் அச்சேறிவிட்டது!

இப்பணியைக் கிறீன் தனியாகச் செய்யவில்லை. அவரிடம் பயின்ற மாணவர்களே மொழிபெயர்ப்பில் துணைநின்றார்கள். அவருடைய மேற்பார்வையில் மாணவர்கள் எழுதுவதும், அவர் சரிபார்ப்பதும், மீண்டும் திருத்துவதுமாக நூல்கள் உருவாயின. காலையில் நோயாளியின் புண்ணைக் கழுவிய கையே பிறகு அப்புண்ணின் இயல்பைத் தமிழில் எழுதியது. பயிற்சி என்றால் இதுவல்லவா பயிற்சி!

சொல் தேடிய முறை

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவது. கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது. அதிலும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்ப எழுதுவது. அவருடைய நூற்பெயர்களிலேயே இந்த மூன்று நிலைகளின் சாயலையும் காணலாம்.

'இரணம்' என்பது புண்ணைக் குறிக்க மக்கள் வழங்கிய சொல். அறுவைச் சிகிச்சை நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயரிட்டதால், படிப்பறியாதவருக்கும் அது எதைப் பற்றிய நூல் என்று விளங்கியிருக்கும். 'அங்காதிபாதம்' என்னும் பெயர் 'கேசாதிபாதம்' என்னும் நம் இலக்கிய மரபை நினைவூட்டுகிறது. 'வைத்தியாகரம்' வடமொழிப் புணர்ச்சி. ஆகரம் என்றால் சுரங்கம். 'கெமிஸ்தம்' என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்விகுதி சேர்த்து ஆக்கியது. இன்று நாம் 'வேதியியல்' என்கிறோம். கெமிஸ்தம் நிலைக்கவில்லை. அதனால் என்ன? சொல் பிடிக்கும்வரை பாடத்தை நிறுத்தி வைக்கவில்லை என்பதே முக்கியம். மேலும், மாணவர்களுக்கும் பிறருக்கும் உதவும் வகையில் அருஞ்சொற்பட்டியல்களையும் அவர் வெளியிட்டார்.

1873ஆம் ஆண்டில் உடல்நலக் குறைவோடு கிறீன் அமெரிக்கா திரும்பினார். ஆனால் பணி நிற்கவில்லை. கையெழுத்துப் படிகள் கப்பலில் போய்வர, அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். அவருடைய விருப்பப்படியே, 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்னும் பொருள்படும் சொற்கள் மாசசூசெட்ஸில் உள்ள அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டன. மானிப்பாயில் உள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஏன் தொடரவில்லை?

இவ்வளவு சிறப்பாகத் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி ஏன் தொடரவில்லை? பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் இக்கேள்வியையும் நாம் எதிர்கொள்ள வேண்டும்.

1870ஆம் ஆண்டில் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். அரசாங்கப் பதவிக்கும் மேற்படிப்புக்கும் அதுவே வாசலாயிற்று. தமிழ்வழிக் கல்வியோ பெரும்பாலும் ஒரு மனிதரின் ஊக்கத்தில் நின்றது. அந்த மனிதர் சென்றதும் அதைத் தாங்கிப்பிடிக்க அரசாங்கமோ நிலையான கல்லூரியோ இல்லை. தமிழுக்கு வலிமை இல்லாததால் அது நின்றுவிட்டது என்று சொல்வது தவறு. கிரேயின் நூலைப் பதினான்கு ஆண்டுகளில் தாங்கிய மொழிக்கு வலிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? மொழிக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிறுவனம் இல்லை என்பதே என் கருத்து.

நம் மண்ணில்

நம் பகுதியிலும் கதை வேறுவிதமாக இல்லை. 1905ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் நம் வட்டாரத்திற்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர் மக்கள் 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்த பின்னரே அது உருவானது. அங்கும் பயிற்றுமொழி ஆங்கிலமே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாத தொலைவில் இருந்தது.

தோட்டத்தில் நம் பாட்டன் பாட்டிமார்கள் கண்ட மருத்துவர், பெரும்பாலும் 'டிரசர்' என்று அழைக்கப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்தான். அவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்றவர்கள் அவர்கள். காய்ச்சல் மருந்து முதல் பிள்ளைப்பேறு வரை அவர்களிடம்தான் மக்கள் ஓடினார்கள். நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர் அருகில் இருந்ததே பலருக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கும்.

2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாகத் தமிழ் திரும்பியது. 2016ஆம் ஆண்டில் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. அவ்விவாதங்களில், "தமிழில் அறிவியல் படித்து என்ன பயன்?" என்று கேட்டவர்கள் நம்மவர்களே. மானிப்பாயைப் பற்றி அறிந்திருந்தால், அக்கேள்வியைச் சற்று வேறுவிதமாகக் கேட்டிருப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

ஆங்கிலம் வேண்டாம், மலாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்நாட்டில் மருத்துவராக வேண்டுமானால் இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். கிறீனின் மாணவர்களுக்கே முதலில் ஆங்கிலம்தான் வழிகாட்டியது. ஆங்கிலம் தெரிந்தவர்களால்தான் தமிழில் நூல் ஆக்க முடிந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. படிக்கும் மொழி வேறாக இருக்கலாம். நோயாளி அழும் மொழி அவருடைய தாய்மொழிதான்.

நம் பிள்ளை பள்ளியில் 'நுரையீரல்', 'செரிமானம்', 'இரத்த ஓட்டம்' என்று படிக்கும்போது, தேர்வுக்கு மட்டும் படிக்கவில்லை. என்றோ ஒரு நாள் ஒரு கட்டிலின் அருகில் நின்று, தன் பாட்டியின் வயதுள்ள ஒருவருக்கு விளக்கிச் சொல்லப்போகும் சொற்களை அது சேர்த்து வைக்கிறது. அந்தச் சொற்களை மனப்பாடமாக மட்டும் கொடுக்காமல், பொருளோடு கொடுப்பது நம் கடமை, ஆசிரியர்களே! 'நுரையீரல்' என்று கரும்பலகையில் எழுதும்போது, மூச்சை இழுத்துவிட்டு நெஞ்சில் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி தங்கள் நோவை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் போதும்.

என் தாயார் வீடு திரும்பிய நாளில் அந்த மாணவியை மீண்டும் கண்டேன். அவளுடைய குறிப்பேட்டில் புதிதாக ஒரு சொல் சேர்ந்திருந்தது: 'கடுப்பு'. "வலின்னு கேட்டா இல்லைங்கிறாங்க டீச்சர். கடுப்புன்னு கேட்டா ஆமாங்கிறாங்க. ரெண்டும் வேற வேற!" என்றாள். அதற்கு எதிரே மலாயிலும் ஆங்கிலத்திலும் என்ன எழுதுவது என்று தெரியாமல் இடம் விட்டு வைத்திருந்தாள்.

மானிப்பாய் மாணவர்களும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். அந்தப் பெண்ணின் குறிப்பேட்டை ஒரு கையேடாக ஆக்க நாம் உதவலாமே! உங்கள் பள்ளியில் படித்து இன்று மருத்துவமனையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். அவர்களிடமிருந்து நாமும் சில சொற்களைக் கற்றுக்கொள்ளலாம்.